இன்பத்தை அளந்த அறிஞர் மில்

இன்பத்தை வேண்டாதார் எவருமிலர். ஆயின் ஓரின்பத்தை மற்றோரின்பத்தோடு ஒப்பிட்டு, இது பெரிது, அது சிறிது என்று துணிதற்கு அளவுகோல் உண்டா? இவ்வினாவை ஏட்டில் மட்டுமன்றித் தம் வாழ்விலும் எதிர்கொண்டவர் ஜோன் ஸ்ருவாட் மில்.

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில், பயன்வழிக் கொள்கையை வகுத்த ஜெரமி பெந்தமின் உற்ற நண்பர். அவர் மைந்தனைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். மூன்று வயதிற் கிரேக்கமும், எட்டு வயதில் இலத்தீனும் தொடங்கின.

பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் இன்பத்தை அளக்க ஏழு அளவைகளைக் கூறியிருந்தார். இன்பத்தின் உறைப்பு, நீடிப்பு, உறுதி, அண்மை, மேலும் இன்பம் விளைக்கும் வளம், துன்பக் கலப்பின்மை, நுகர்வோர் தொகை என்பன அவை. இவ்வாறு கூட்டிக் கழித்துப் பார்க்குமிடத்து, எச்செயலால் இன்பம் மிகுமோ அதுவே அறம் என்பது அவர் துணிபு. அளவு ஒத்ததாயின், சிறுவர் விளையாட்டும் செய்யுளும் அவருக்குச் சமமே.

இக்கணக்கிலே வளர்ந்த மில் 1823இற் கிழக்கிந்தியக் கம்பனியிற் பணியேற்றார். 1826இல் அவர் உள்ளத்திற் பெருஞ்சோர்வு புகுந்தது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறினும் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா எனத் தம்மையே வினவினார். உண்டாகாதென்றே உள்ளம் விடை பகர்ந்தது. கணக்கிற் பிழையில்லை, கணக்கிட்டவரே வாடினார். 1828இல் வேர்ட்ஸ்வேர்த்தின் கவிதைகளை வாசித்தபோது அவர் மனம் ஆறுதல் பெற்றது.

அவர் 1861இற் சஞ்சிகையொன்றில் எழுதி, 1863இல் நூலாக்கிய கட்டுரைகளில், இன்பத்துக்கு அளவோடு தரமும் உண்டென்று நாட்டினார். தரத்தைத் தீர்ப்பவர் யார்? இருவகை இன்பத்தையும் நுகர்ந்தறிந்தவரே. அவருட் பெரும்பாலார் எதனை விட்டுக்கொடாரோ அதுவே மேலானது. உயர்ந்ததைச் சுவைக்கும் ஆற்றல் பயிற்சியின்றேல் அழிந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார்.

தரத்தை ஒப்பினால் பெந்தமின் ஒற்றைக்கோல் முறிந்துவிடும் என்பாருமுளர். அதனை நாம் எளிதில் மறுத்தல் இயலாது. நிறையையும் நிறத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் கூடுமோ? ஆயினும், கொள்கைக்காக அனுபவத்தை மறைக்காது, அனுபவத்துக்காகக் கொள்கையைத் திருத்திய நேர்மை போற்றற்குரியது.

1865 முதல் 1868 வரை பாராளுமன்றத்தில் இருந்த மில், 1867இற் பெண்களுக்கும் வாக்குரிமை கோரினார். 1873ஆம் ஆண்டு மே மாதத்திற் பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனிற் காலமாகி, அன்பு மனைவியார் ஹரியற்றின் அருகே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி மகிழும் மாணவராகிய நாம், புள்ளியிட முடியாத இன்பங்களும் உளவென்பதை இவர் வாழ்விற் கற்போமாக.