பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயாளிகளின் கை, கால்களைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். நிற்கும் நிலை, நடை, உடல் மீது விழும் அழுத்தம் ஆகியவற்றுக்கும் புண்களுக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தவர்.

இளமை

பிராண்ட், இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் சமயப் பணியாற்றிய ஜெசி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையருக்கு மகனாகப் பிறந்தார். 1923 ஆம் ஆண்டு கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929 இல் தந்தை காய்ச்சலால் இறந்தார். பள்ளிக் கல்விக்குப் பின் கட்டடத் தொழிலையும் தச்சுவேலையும் கற்ற பிராண்ட், அதன் பிறகே லண்டனில் மருத்துவம் பயின்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943 இல் மணந்தார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளுக்கான கண் மருத்துவத்தில் சிறந்து விளங்கினார்.

வேலூர்ப் பணி

1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, மருத்துவர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றிய செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கிருந்த நோயாளிகளின் விரல்கள் மடங்கியிருந்தபோதிலும், கையின் சில தசைகள் வலுவிழக்காமல் இருப்பதைக் கண்டார். அத்தகைய தசைகளின் நாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றினார்.

புண்கள் பற்றிய ஆய்வு

தொழுநோய் தசையை அழுகச் செய்வதாக அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிப்பதும், வலி தெரியாமையால் நோயாளிகள் தம்மை அறியாமலே காயமடைவதுமே புண்களுக்கு முதன்மைக் காரணம் என்று பிராண்ட் விளக்கினார்.

நலமுள்ள ஒருவர் நெடுநேரம் ஒரே நிலையில் நிற்பதில்லை. உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொள்கிறார். உறக்கத்திலும் புரண்டு படுக்கிறார். பாதம் நொந்தால் நடையை மாற்றிக்கொள்கிறார். இவை அனைத்தும் வலியின் தூண்டுதலால் தாமே நிகழ்பவை. வலி உணராதவரோ ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழும்படி நடக்கிறார். ஒருமுறை விழும்போது தீங்கு செய்யாத அழுத்தம்கூட, ஆயிரக்கணக்கான அடிகளில் திரும்பத் திரும்ப விழும்போது திசுவை வீங்கச் செய்து புண்ணாக்குகிறது.

இதனால் புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டிட்டு ஓய்வு அளிக்கும் முறையையும், அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரவச் செய்யும் மென்மையான ரப்பர் காலணிகளையும் பயன்படுத்தினார். நோயாளிகள் தம் கை, கால்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்குமாறும் பயிற்றுவித்தார்.

அமெரிக்காவில்

1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். அழுத்தத்தை உணர்ந்து எச்சரிக்கும் செயற்கை வலிக் கருவி ஒன்றை உருவாக்க அங்கு முயன்றார். எச்சரிக்கை வந்தபோதும் நோயாளிகள் அதைப் பொருட்படுத்தாமலோ, கருவியை நிறுத்திவிட்டோ வேலையைத் தொடர்ந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. எனினும், அவருடைய முறைகள் நீரிழிவு நோயாளிகளின் பாதப் பாதுகாப்பிலும் பயன்பட்டன.

விருதுகளும் நூல்களும்

1960 இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது பெற்றார். கையின் இயக்கவியல் பற்றிய மருத்துவ நூலை 1985 இல் வெளியிட்டார். வலியை மனிதருக்குக் கிடைத்த கொடையாக விளக்கும் நூலைப் பிலிப் யான்சியுடன் இணைந்து எழுதினார். அது 1993 இல் வெளிவந்தது. பிராண்ட் தமது 88 ஆம் அகவையில் சியாட்டிலில் காலமானார்.