மீசை வைத்த தாய்: கிஜுபாய் பதேக்கா

சிறிய உத்தியோகத்தை விட்டுப் பெரிய உத்தியோகத்துக்குப் போனவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். பெரியதை விட்டுச் சிறியதற்கு வலிய இறங்கி வந்தவர்கள் மிகச் சிலரே. நியாயவாதித் தொழிலைத் துறந்து, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு உபாத்தியாயராகப் பாயில் அமர்ந்த கிஜுபாய் பதேக்கா அவர்கள் அச்சிலருள் ஒருவர். குஜராத் மக்கள் அவரை மீசை வைத்த தாய் என்றே அழைத்தனர்.

அன்னாரது இயற்பெயர் கிரிஜாசங்கர் என்பது. 1885ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் திகதி, சௌராட்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பெயர் பகவான்ஜி. கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்து நடத்தக் குடும்பத்தின் பொருள்நிலை இடங்கொடுக்கவில்லை. எனவே 1907இல், அக்காலத்துக் குஜராத்தி வாலிபர் பலரையும் போலப் பொருள்தேடிக் கிழக்கு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினார். சில காலத்தின்பின் திரும்பிவந்து, பம்பாயிலே சட்டம் பயின்று, நியாயவாதியாகத் தொழில் தொடங்கினார். கத்தியவார் எனப்பட்ட அந்தப் பிரதேசத்திலே அன்று இருநூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. சமஸ்தானம் பல இருந்தால் வழக்குக்குப் பஞ்சமேது?

பிறக்கிராசியார், அப்புக்காத்தர் என்றால் நம் ஊர்களில் ஒருகாலத்தில் இருந்த மதிப்பை மூத்தோர் நன்கறிவர். கோயிற் கூட்டத்தில் முன்வரிசை அவர்களுக்கு. சீதனப் பேச்சில் முதலிடமும் அவர்களுக்கே. பாலர் வகுப்புச் சட்டம்பியாருக்கு மரியாதை மட்டும் கிடைக்கும். அப்புக்காத்தருக்கு மரியாதையோடு வளவும் கிடைக்கும். கத்தியவாரிலும் கதை வேறாக இருந்திராது. அந்த வரும்படியையும் அந்த முன்வரிசையையும் கிஜுபாய் கைவிட்டார் என்பதை மனத்திற்கொண்டே மேல்வருவதைப் படித்தல் வேண்டும்.

1913இல் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. தகப்பனாகியவுடன் எல்லாருக்கும் தோன்றும் யோசனைதான் அவருக்கும் தோன்றியது: இவனை எப்படி வளர்ப்பது, எங்கே படிப்பிப்பது? அக்காலத்து ஆரம்பப் பள்ளிக்கூடங்களின் நிலை யாவருக்கும் தெரிந்ததே. பிரம்பு ஒரு கையில், வாய்பாடு மறு கையில். நெட்டுருப் பண்ணாதவனுக்கு அடி. பண்ணியவனுக்கு அடுத்த பாடம். பெரும்பாலான தகப்பன்மார் ஒரு பெருமூச்சோடு பிள்ளையை அங்கேயே கொண்டுபோய் விடுவர். கிஜுபாயோ, வழக்கொன்றை எடுத்துக்கொண்ட நியாயவாதியைப்போல், குழந்தைக் கல்வியைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படிக்கலானார். அப்பொழுதுதான் இத்தாலி தேசத்து மரியா மொண்டிசோரி அம்மையாரின் முறை அவருக்கு அறிமுகமாயிற்று. அவ்வம்மையாரும் வைத்தியப் பட்டம் பெற்றுப் பின்னர்க் குழந்தைகளிடம் வந்தவர். 1907இல் உரோமாபுரியின் ஏழை மக்கள் குடியிருப்பொன்றிலே முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர்.

இஃது இவ்வாறிருக்க, பாவநகரிலே கல்லூரிப் பேராசிரியராயிருந்த நானாபாய் பட் என்பார் 1910இல் மாணவர் இல்லம் ஒன்றை நிறுவியிருந்தார். அதன் பெயர் தட்சிணாமூர்த்தி. கல்லால மரத்தின்கீழ்ச் சனகாதி முனிவர் நால்வருக்கு மௌனத்தால் உபதேசித்த ஆதி குருவின் திருநாமம் தொலைவிலுள்ள குஜராத்திலே ஒரு கல்வி நிலையத்துக்கு அமைந்திருந்தது என்றறிய நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றதன்றோ? 1916இல் கிஜுபாய் நீதிமன்றத்தை விட்டு அந்நிலையத்திற் சேர்ந்தார். வயது முப்பதைக் கடந்துவிட்டது, குடும்பமும் உண்டு.

அங்கும் அவர் உடனே குழந்தைகளிடம் சென்றாரல்லர். விடுதியிலே துணைப் பொறுப்பாளராகவும், பின்னர் மேல்வகுப்புகளுக்குத் தலைவராகவும் பணியாற்றினார். அதுவும் மதிப்பான வேலைதான். ஆனால் வளர்ந்த மாணாக்கரோடு பழகப் பழக, அவர்கள் தம்மிடம் வருமுன்னரே அச்சத்தையும் போட்டியையும் வேறெங்கோ கற்று முடித்துவிட்டு வருகிறார்கள் என்பதை உணர்ந்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. பிரம்பு பிடித்த கைகள் அதற்கு எடுத்துக்கொண்ட பொருள் வளைத்தல் என்பதையே. கிஜுபாயின் கருத்து வேறு. ஐந்துக்கு முன்னே பிள்ளையை நிமிர்ந்து வளரவிட வேண்டும் என்பது. ஆகவே இன்னும் ஒரு படி இறங்கினார். 1920இல் பால மந்திர் என்ற பெயரோடு, இரண்டரை வயது முதலான பிள்ளைகளுக்குப் பாவநகரிலே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இரண்டு வருடத்தின்பின் தக்தேசுவரர் என்னும் சிவன் கோயிலை அடுத்த குன்றின்மேல் அதற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. அதனைத் திறந்துவைத்தவர் அன்னை கஸ்தூரிபா.

அப்பள்ளியிலே பிரம்பு இல்லை. புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை. அடியை ஒழிக்கலாம் என்று ஒப்புக்கொள்வோர்கூடப் பரிசை ஏன் ஒழிக்கவேண்டும் என்று கேட்பர். பரிசுக்காகப் படிக்கும் பிள்ளை, பரிசு நின்றவுடன் படிப்பையும் நிறுத்திவிடும் என்பதே அதற்கு விடை. மொண்டிசோரி முறைக்குரிய கருவிகளோடு களிமண், மணல், பூந்தோட்டம், பாட்டு, கூத்து எல்லாம் அங்கு இருந்தன. நகம் வெட்டுவதும் தலை வாருவதும் பாடங்களாயின. ஆனால் கிஜுபாய் அம்மையாரின் முறையை அப்படியே நகல் செய்தவரல்லர். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கற்பனைக் கதைகள் வேண்டியதில்லை என்பது அம்மையாரின் போக்கு. கிஜுபாயோ கதையையே பள்ளிக்கூடத்தின் நடுவில் வைத்தார். குஜராத்துப் பாட்டிமார் சொல்லிவந்த காக்கைக் கதை, குருவிக் கதை, நரிக் கதைகளைத் திரட்டினார். கதை சொல்லும் கலையைப் பற்றி 1925இல் ஒரு சாத்திர நூலே எழுதினார். இவ்விடயத்தில் சீடர் குருவினும் நம் மண்ணை நன்கறிந்தவர் என்றே சொல்லத் தோன்றுகிறது. பெரிய மீசையோடு பிள்ளைகளின் நடுவே அமர்ந்து கதை சொன்ன அவருக்கு மீசை வைத்த தாய் என்ற பெயர் வந்ததில் வியப்பில்லை.

இராசகோட்டையிலே ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரியொன்றின் அதிபராயிருந்த தாராபாய் மோடக் அம்மையாரும், அந்த உயர்பதவியை விட்டு 1923இல் பாவநகர் வந்து அவருடன் சேர்ந்தார். பாலர் ஆசிரியரைப் பயிற்றும் நிலையம் 1925இல் உண்டாயிற்று. அடுத்த ஆண்டிலே இருவரும் நூதன பால சிட்சண சங்கத்தை அமைத்தனர். 1929இல் குஜராத்தி இலக்கியத்துக்குரிய இரஞ்சித்ராம் தங்கப் பதக்கம் கிஜுபாய்க்குக் கிடைத்தது.

எனினும் ஓர் ஐயம் எழாமலில்லை. குன்றின்மேற் கட்டடமும் கருவிகளும் உள்ள இடத்தில் இவையெல்லாம் நடக்கும். நெருக்கமான வகுப்பும், பரீட்சையும், வித்தியாதரிசியின் வருகையும் உள்ள சாதாரண அரசினர் பாடசாலையில் நடக்குமா? இவ்வையத்தைத் தீர்க்க அவர் 1932இல் எழுதியதே திவாஸ்வப்னம். தமிழிலே பகல் கனவு என்ற பெயரில் வெளிவந்துள்ளது. அது கற்பனைக் கதை. ஆனால் அவருடைய அநுபவத்தில் முளைத்தது. கல்வி அதிகாரியிடம் அநுமதி பெற்று ஓர் ஆசிரியர் நாலாம் வகுப்பை ஒரு வருடத்துக்குப் பொறுப்பேற்கிறார். முதல் நாளே தோல்வி. சன்னல்களைச் சாத்தி மௌன விளையாட்டு நடத்த முயல்கிறார்; பிள்ளைகளோ கூச்சலிட்டு வகுப்பைக் குழப்புகிறார்கள். மௌனத்தாற் கற்பித்தல் தட்சிணாமூர்த்திக்கு எளிது. நாலாம் வகுப்பு உபாத்தியாயருக்கு எளிதன்று! வேறு வழியின்றி விடுமுறை கொடுத்தனுப்ப, தலைமையாசிரியரின் கண்டனத்துக்கும் ஆளாகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். அதே பிள்ளைகள் வாய்திறந்து கேட்கிறார்கள். பாடநூல் வாங்கும் பணத்தைத் தம்மிடம் தரச்செய்து, அதைக்கொண்டு வகுப்புக்கு ஒரு வாசிகசாலை அமைக்கிறார். பிற ஆசிரியர் நகைக்கின்றனர், பெற்றார் சந்தேகப்படுகின்றனர். வருட முடிவில் அப்பிள்ளைகள் எப்படி விளங்கினர் என்பதை வாசகர் நூலிலேயே கண்டுகொள்ளட்டும். ஆசிரியத் தொழிலுக்குப் போக விரும்பும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் இதனை ஒருமுறை படித்தல் நன்று; நூல் சிறியது, இரண்டு மாலைப்பொழுது போதும்.

ஐயத்துக்கு மற்றொரு விடையைத் தாராபாய் அம்மையார் செயலிற் காட்டினார். 1945இல் பம்பாய்க்கு வடக்கேயுள்ள போர்டியிலும், 1957 முதல் கோசுபாட்டிலும், பழங்குடி மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வாராவிடிற் பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று, அவர்கள் வாழும் முற்றங்களிலேயே பாலர் வகுப்பை நடத்தினார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக இலையும் விதையும் கூழாங்கல்லும் உதவின.

கிஜுபாய் 1936இல் தட்சிணாமூர்த்தி நிலையத்திலிருந்து விலகினார். இருபது வருடம் அங்கே கழிந்திருந்தது. குழந்தைகளுக்கும் பெற்றாருக்கும் ஆசிரியருக்குமாக அவர் எழுதிய நூல்கள், சிறியவும் பெரியவுமாக ஏறக்குறைய இருநூறு. 1939ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி பம்பாயிலே காலமானார். அப்போது வயது ஐம்பத்து மூன்று.

அவர் மறைந்து ஐந்து மாதங்கூட நிறையாத நிலையில், 1939 நவம்பரிலே மொண்டிசோரி அம்மையார் இந்தியா வந்து சென்னை அடையாற்றிற் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1944இல் நம் இலங்கைக்கும் வந்தார். பாலர் பள்ளியை மொண்டிசோரி என்றே நம்மவர் வழங்கும் வழக்கத்துக்குக் காரணர் அவரே. அம்மையார் அடையாற்றில் இறங்கிய வேளையிலே, 1920இல் மூன்று வயதிற் பால மந்திரிற் சேர்ந்த பாவநகர்ப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதாகியிருந்தது.