படச் சட்டத்தில் பிறந்த தந்தி

ஊரிலே தந்திக்காரன் படலையடியில் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தால், பிரித்து வாசிக்க முன்னரே வீட்டுக்குள் அழுகை தொடங்கிவிடும். அந்தத் தந்தியை உலகுக்குத் தந்தவருக்கும் ஒரு சாவுச் செய்தி பிந்தித்தான் வந்தது.

சாமுவேல் மோர்ஸ் 1791இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தொழில் ஓவியம். 1825 பெப்ரவரியில் வாஷிங்டனில் லஃபாயெற் என்ற பிரெஞ்சுத் தளபதியின் படத்தை வரைந்துகொண்டிருந்தார். அந்த நேரம் நியூ ஹேவனில், மூன்றாவது பிள்ளை பிறந்து சில வாரங்களே ஆன நிலையில், மனைவி லுக்ரீசியா இறந்துபோனார். கடிதம் வந்துசேர நாட்கள் பிடித்தன. அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டது. அது எப்படிப்பட்ட வலி என்று எங்களில் பலருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இந்தத் துக்கத்தில்தான் தந்தி பிறந்தது என்று கதை சொல்வார்கள். நான் அப்படியே நம்பமாட்டேன்; இடையிலே ஏழு வருடம் கிடக்கு. 1832இல் ஐரோப்பாவில் இருந்து கப்பலில் திரும்பும்போது, மின்காந்தம் பற்றி ஒருவர் கதைத்ததைக் கேட்டுத்தான் அவருக்கு யோசனை வந்தது.

யோசனை வந்தது, கையிலே காசு இல்லை. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியர் என்று பெயர்தான் பெரிது. வேலை செய்த அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்தார். ஆகவே கிடைத்ததை வைத்துச் செய்தார். சீலை இழுத்துக் கட்டும் படச் சட்டம் ஒன்றை மேசையில் அறைந்தார். பழைய மணிக்கூட்டுச் சில்லுகள் கடதாசி நாடாவை இழுத்தன. சட்டத்தின் நடுவிலே மின்காந்தம். மேலிருந்து தொங்கும் தடியின் நுனியில் பென்சில். மின்சாரம் வந்தால் பென்சில் ஒரு பக்கம் இழுபட்டுக் கோடு வளையும். அனுப்புவதற்கு விரலால் தட்டும் கீ அப்போது இல்லை. பல்லுப் பல்லாக வார்த்த ஈயத் துண்டுகளை ஒரு சட்டத்தில் அடுக்கிக் கைபிடியால் நகர்த்துவார்.

மின்சாரம் தூரம் போகாமல் தடுமாறியபோது கேல் என்ற இரசாயனப் பேராசிரியர் வழி காட்டினார். பற்றறிகளைக் கூட்டி, காந்தத்திலே கம்பியைக் கூடச் சுற்றச் சொன்னார். 1837இல் அல்பிரட் வெயில் என்ற இளைஞர் சேர்ந்து, மொறிஸ்ரவுனில் தகப்பனின் இரும்பு வேலைத்தலத்தில் நல்ல கருவி செய்து கொடுத்தார். இன்று நாங்கள் கீ என்று சொல்லும் சாமானும் பிறகு வந்ததுதான்: வளைந்து கொடுக்கும் ஒரு பித்தளைத் தகடு, கீழே ஒரு முனை. அமர்த்தினால் மின்சாரம் ஓடும், விட்டால் நிற்கும். வெயில் 1859இல் இறந்தார். பேரும் புகழும் மோர்ஸுக்கே போனது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1836இல் மோர்ஸ் நியூயோர்க் மேயர் தேர்தலில் நின்றார், வந்தேறிகளுக்கு எதிரான கட்சியிலே. அடிமை முறையையும் ஆதரித்து எழுதினார். எங்களைப் போன்றவர்களை வாசலிலே வைத்துத் திருப்பியிருப்பார் போலும்!

1843இல் அமெரிக்க நாடாளுமன்றம் 30,000 டொலர் ஒதுக்கியது. 1844 மே 24இல் வாஷிங்டனில் இருந்து பால்ரிமோருக்கு, ஏறக்குறைய 40 மைல், முதல் செய்தி போனது.

தபாற்கந்தோர்களில் இருந்து அந்தக் கீ போய்விட்டது. ஆனால் அமெச்சூர் வானொலிக்காரர் விடவில்லை. பிள்ளையளோடு இருந்து வீட்டிலேயே செய்கிறார்கள். அசையும் பாகம் ஒன்றுமே இல்லாத கீயும் உண்டு: செம்புத் தகடு இரண்டு, விரல் பட்டதை உணரும் சின்ன மின்சுற்று. ஒன்றைத் தொட்டால் புள்ளி, மற்றதைத் தொட்டால் கோடு. மோர்ஸின் படச் சட்டத்தைப் போலவே, வீட்டில் கிடக்கும் துண்டுகளே போதும்.

1871 ஜூன் 10ஆம் திகதி இரவு நியூயோர்க்கில் தந்தி ஊழியர்கள் அவருக்குப் பெருவிழா எடுத்தார்கள். 80 வயது. அவருடைய பிரியாவிடைச் செய்தியை வேறொருவர் அனுப்பி முடித்ததும், கிழவர் மேசையில் இருந்து, கீயிலே விரலை வைத்துத் தன் பெயரைத் தானே தட்டினார். அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார்.