இசபெல்லா பேர்ட் பிஷப் அம்மையார்

தாம் கண்ணாற் கண்ட காட்சிகளை எழுத்திலும் படத்திலும் பதித்து உலகிற்கு விற்று, அவ்விலையின் ஒரு பங்கைக் கண்ட இடத்து ஏழைகளுக்கே திருப்பியளித்த ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் ஐந்தடி உயரமும் நிரம்பாதவர். இளமை முதல் முதுகு நோயால் வருந்தியவர். ஆயினும் காஷ்மீரத்திலும், பஞ்சாபிலும், சீன தேசத்தின் மேற்குப் புறத்திலும் அவர் ஈந்த பொருளால் மருத்துவசாலைகள் எழுந்தன. நம் நாட்டுப் பெண்டிர்க்கு அவர் செய்த உதவியை நம்மிற் பலர் அறியார். நூல்நிலையங்களில் அவரைப் பிரயாணிகளின் வரிசையில் வைத்து, அவ்வளவோடு நின்றுவிடுகின்றனர்.

இசபெல்லா லூஸி பேர்ட் 1831ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாகாணத்துப் பரோபிரிட்ஜ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் எட்வர்ட் பேர்ட் முன்னர்க் கல்கத்தாவில் வழக்கறிஞராய் இருந்தவர். ஆங்கே தம் முதல் மனைவியை இழந்து, தாய்நாடு திரும்பிக் குருப்பட்டம் பெற்றவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸ் பெருமகனார் இவர்களுக்கு உறவினர். ஓய்வுநாளை ஆசரிக்கவேண்டுமென்று எட்வர்ட் குருவானவர் கண்டிப்பாய்ப் பிரசங்கித்தமையால், பர்மிங்ஹாம் நகரத்தார் அவர்மேற் கல்லும் சேறும் வீசினர் என்பர். பிறரிடம் கல்லடி படுதல் இக்குடும்பத்திற்குப் புதிதன்று என்பதைப் பின்னே காண்போம்.

பதினெட்டு வயதில், 1850இல், இசபெல்லாவின் முதுகெலும்பை ஒட்டி வளர்ந்த கட்டியொன்றை வைத்தியர்கள் அறுத்து நீக்கினர். அதன் பின்னும் உடல் தேறவில்லை. கடற்பிரயாணம் நலந்தருமென்று அவர்கள் கூறவே, 1854இல் தந்தையார் நூறு பவுனைக் கையிற் கொடுத்து, அப்பணம் தீருமளவும் வெளிநாட்டில் இருக்கலாமென்று விடை கொடுத்தனுப்பினார். அமெரிக்காவையும் கானடாவையும் கண்டு திரும்பிய அவர், தாம் வீட்டிற்கு எழுதிய கடிதங்களைத் திரட்டி 1856இல் ஜான் மர்ரே என்னும் லண்டன் பதிப்பாளர் வாயிலாக ஒரு நூலாக வெளியிட்டார். நூல் நன்கு விலைபோயிற்று. இருபத்தைந்து வயதுடைய ஒரு பெண் அவ்வருவாயைக் கொண்டு என்ன செய்வாள்? ஸ்காத்லாந்தின் மேல்கரையில் வறுமையால் நலிந்த செம்படவர்க்கு ஆழ்கடலிற் செல்லத்தக்க படகுகளை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்க நாட்டைக் கண்ட காட்சி ஸ்காத்லாந்து மீனவர்க்குப் படகாயிற்று. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலின் மாதிரி இம்முதற் செயலிலேயே அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

1858இல் தந்தையார் இறந்தபின் குடும்பம் எடின்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. நிலமிழந்த மலைநாட்டுக் குடியானவர் கானடாவிற் சென்று குடியேற அவர் உதவினார். அந்நகரத்துச் சேரிகளின் இழிநிலையைக் குறித்து 1869இல் ஒரு சிறு நூலும் எழுதினார். 1866இல் அன்னையாரும் காலஞ்சென்றார். எஞ்சியவர் தங்கை ஹென்ரியட்டா ஒருத்தியே.

இனி அவர் வாழ்க்கையில் ஒரு புதிர் வருகின்றது. வீட்டில் இருந்தால் படுக்கையை விட்டெழ இயலாத நோயாளி. வெளியே சென்றால் எரிமலையேறும் வீரர். 1872இற் புறப்பட்டு, ஆஸ்திரேலியாவையும் நியூஸிலாந்தையும் கடந்து, 1873இல் ஹாவாய்த் தீவுகளில் இறங்கினார். ஆங்கே பெண்டிர் ஆடவரைப் போலக் குதிரையின் இருபுறமும் கால்போட்டு இவர்வதைக் கண்டு, தாமும் அங்ஙனமே செய்தார். முதுகு வலி குறைந்தது. மௌனா லோவா என்னும் எரிமலையின் உச்சியை அடைந்தார். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ராக்கி மலைகளில், ஒரு கண் இழந்த முரடர் ஒருவரின் துணைகொண்டு லாங்ஸ் சிகரமேறினார். இக்காட்சிகளெல்லாம் தங்கைக்கு எழுதிய கடிதங்களிற் பதிந்து, பின்னர் நூல்களாயின. சிலர் இவர் நோயைப் பாசாங்கு என்றனர். நாம் அங்ஙனம் கருதவில்லை. பெண்ணுக்கு உரிய வேலை இன்னதென்று வரையறுத்து வைத்த ஒரு காலத்தில், வேலையின்றி அடைபட்ட பேராற்றல் உடலையே தின்றிருத்தல் கூடும். அவர் நோய் மெய். அதற்கு மருந்து வழிநடையே.

1878இல் ஜப்பானின் வட பகுதிக்குச் சென்று, ஐனு மக்களின் ஊர்களிற் தங்கினார். திரும்பும் வழியில் 1879இல் சிங்கப்பூரையும் மலாய் நாட்டையும் கண்டார். ஆங்குக் கிளிங்கர் என்று பிறரால் அழைக்கப்பட்ட நம் தென்னாட்டார் வாழ்வதைப் பார்த்து, அவர்தம் பெண்டிரின் உடையழகையும் நடையழகையும் வியந்து எழுதியுள்ளார். நம்மவரைப் பற்றிய செய்தியாதலின் இதனை விட்டுச்செல்ல மனம் வரவில்லை.

1880இல் ஹென்ரியட்டா நச்சுக்காய்ச்சலால் இறந்தாள். கடிதம் எழுத ஆளில்லை. தங்கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் பிஷப் என்பவரை 1881 மார்ச்சு மாதத்தில் மணந்தார். கணவர் இவரினும் பத்தாண்டு இளையர். அவரும் ஐந்தாண்டுகளில், 1886இல், மரித்தார். ஐம்பத்து நான்கு வயதில் இவர் தனியரானார்.

இத்துயரம் அவரை வேறொரு நெறிக்குத் திருப்பியது. அதுவரை அவர் பிரயாணங்களில் மிஷன் நிலையங்களைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்புடையவராய் இருந்தார். மிஷனெரிகளின் இல்லம் பிரயாணத்தின் சுவையைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். கணவரோ மருத்துவ ஊழியத்தில் ஆர்வமிக்கவர். விதவையான அம்மையார் லண்டன் செயிண்ட் மேரீஸ் மருத்துவசாலையிற் சேர்ந்து நோயாளரைப் பேணும் முறையைக் கற்று, 1889இல் இந்தியாவிற்குக் கப்பலேறினார். காஷ்மீரத்தில் ஸ்ரீநகர் சேர்ந்தபோது, கோஷாவில் அடைபட்ட பெண்டிர் ஆண் வைத்தியரிடம் வரவொண்ணாமல் மடிவதைக் கண்டார். அங்கே ஊழியஞ்செய்த டாக்டர் பேனி பட்லர் என்னும் பெண் வைத்தியருடன் ஆலோசித்து, கணவர் பெயரால் பெண்டிர்க்கான ஒரு மருத்துவசாலையை நிறுவப் பொருளளித்தார். பேனி பட்லர் அவ்வாண்டு அக்டோபரிலேயே நோயுற்று இறந்தார். அம்மருத்துவசாலை பின்னர் அனந்தநாக்கிற்கு மாறி, இன்றும் ஜான் பிஷப் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பஞ்சாபில் அமிர்தசரஸில் தங்கையின் பெயரால் மற்றொரு மருத்துவசாலை ஏற்பட்டது. இருவர் மறைவினால் வந்த வெறுமையை இவர் கல்லறை கட்டி நிரப்பவில்லை.

அதே ஆண்டில் லடாக்கிற்குச் சென்று, ஷயோக் ஆற்றிற் குதிரையோடு விழுந்து விலா எலும்பு முறிந்தார். 1890இல் கடுங்குளிரிற் பாரசீகத்தைக் கடந்தார். 1892இல் லண்டன் இராயல் பூகோள சங்கம் பெண்களை முதன்முறை அங்கத்தினராய் ஏற்றபோது இவரும் ஏற்கப்பட்டார். மறுவருடமே அச்சங்கத்தார் மனம் மாறிப் பெண்களுக்குக் கதவை அடைத்து, 1913 வரை திறந்திலர். உள்ளே வந்தவரை மட்டும் வெளியேற்றவில்லை. 1893 நவம்பரில் எக்ஸிடர் ஹால் என்னும் மண்டபத்தில் மிஷன் ஊழியத்தைக் குறித்து இவர் பேசினார். நோயும் அறியாமையும் சூழ்ந்த அந்தப்புரங்களைத் தாம் நேரிற் கண்டபடி எடுத்துரைத்தார். பழைய அலட்சியத்தை மறைக்காமற் கூறியமையால் அவர் சொல்லுக்கு வலிமை மிகுந்தது. அப்பேச்சு சிறு பிரசுரமாக அச்சாகிப் பரவியது.

இக்காலத்திலேதான் அவர் காமிராவைக் கையிலெடுத்தார். வயது அறுபது கடந்தது. இதயமும் நுரையீரலும் பழுதுற்றன. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சவேண்டிய அவ்வயதில் மாணவியாய்ச் சென்று புகைப்படக் கலையை முறையாகக் கற்றார். முன்னைய நூல்களிற் சித்திரங்கள் பிறர் கைப்பட்டு மரத்திற் செதுக்கப்பட்டு அச்சேறியவை. புகைப்படமோ தாம் கண்டதைக் கண்டவாறே காட்டும். 1894இல் தொடங்கிக் கொரியாவிலும் சீனத்திலும் மூன்றாண்டு சுற்றியபோது, முக்காலியில் நிறுத்தும் பெரிய காமிராவும் கையிற் பிடிக்கும் சிறிய காமிராவும் அவருடன் சென்றன. பெரியது பதினாறு இராத்தல் எடை. உணவுப் பொருளைக் குறைத்தாரேயன்றி அதனைக் குறைத்தாரில்லை.

1896 தொடக்கத்தில் இச்சாங் என்னும் ஊரிலிருந்து யாங்சி ஆற்றில் ஒரு சிறு படகில் மேல்நோக்கிச் சென்றார். மலையிடுக்கில் ஆறு பாறைகளின்மேல் பாய்ந்து சுழலும் இடங்களில், படகைக் கயிறு கட்டி மனிதரே கரைவழி இழுத்தல்வேண்டும். கயிறு அற்றால் படகு பொடியாம். இழுப்போர் கால் வழுவினால் உயிர் போம். அவர்கள் உழைப்பைக் கண்டு அம்மையார் உருகினார், அவர்களையும் படமெடுத்தார். பகலெல்லாம் எடுத்த படங்களை இரவிற் கழுவுவார். இருண்ட அறை எங்கே? இரவே இருண்ட அறை. படகோட்டிகளின் விளக்கொளி பலகை இடுக்குகளின் வழியே புகாதபடி கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஒரு பெட்டியை மேசையாக்கி, இரசாயனத் திரவங்களைக் கலப்பார். மருந்துநீரை அகற்ற யாங்சி ஆறே தண்ணீர்த் தொட்டி. ஆற்றுநீரில் நுண்ணிய சேறு கலந்திருத்தலின் நெகட்டிவின்மேல் அது படிந்துவிடும்; மீண்டும் மீண்டும் அலசுவார். படம் பதிக்கும் சட்டங்களைப் படகின் பக்கத்திற் கட்டித் தொங்கவிடுவார். வசதி மிகுந்த அறையிற் செய்தாலும் பிழைபடும் இத்தொழிலை, மூச்சுமுட்டும் ஒரு கிழவி ஆடும் படகில் நள்ளிரவிற் செய்துமுடித்தாள் என்றால் வியவாதார் யார்? வேறெந்தப் பொழுதுபோக்கும் தம்மை இங்ஙனம் கவரவில்லையென்று பதிப்பாளர்க்கு அவர் தெரிவித்தாராம்.

ஆயினும் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. படமெடுக்கப்பட்டவர் மனம் என்ன? சீனச் சிற்றூரார் அக்காமிராவைக் கண்டு அஞ்சினர். அதனுள்ளே ஒரு கரிய பேய் அடைபட்டிருப்பதாகவும், இரவில் அது வெளிவந்து நிலத்தைத் தோண்டிப் புதையலைத் தேடுவதாகவும் பேசிக்கொண்டனர். பிள்ளைதின்னி என்றும் அயல்நாட்டுப் பேய் என்றும் அம்மையாரை ஏசினர். லியாங்ஷான் என்னும் ஊரிற் பெருங்கூட்டம் அவர் தங்கிய சத்திரத்தைச் சூழ்ந்து, கதவை உடைத்து, தீயிட முயன்றது. தலைவன் அனுப்பிய போர்வீரர் வந்தபிறகே உயிர் பிழைத்தார். மற்றோரிடத்தில் எறிந்த கல் தலையிற் பட்டு நினைவிழந்தார். அக்கூட்டத்தாரை வெறும் மூடரென்று தள்ளிவிட நமக்கு மனம் ஒருப்படவில்லை. அந்நியர் பீரங்கியோடும் வியாபாரத்தோடும் வந்து தங்கள் நாட்டைப் பங்கிடக் காத்திருந்த காலம் அது. கேளாமல் வந்து முகத்தைப் படமாக்கிக் கொண்டுபோய் விற்பவரை ஐயுறுதல் இயல்பே. ஏழையின் உருவத்தை விற்று வாழ்வோர் அக்காலத்தும் உளர், இக்காலத்தும் உளர். அம்மையார்பால் நாம் காணும் வேறுபாடு இது: கல்லெறிந்த அம்மாகாணத்தை வெறுத்து அவர் அகலவில்லை. சச்சுவான் மாகாணத்துப் பவோனிங் என்னும் ஊரை அடைந்து, ஆங்கு மிஷனெரிகள் வைத்தியத்திற்கு வசதியின்றித் தவிப்பதைக் கண்டு, ஹென்ரியட்டா பெயரால் ஒரு மருத்துவசாலைக்குப் பொருள் தந்தார். காயம் ஆறிய தழும்பு தலையில் இருக்க, கொடுத்த கை கொடுத்தது. படமெடுத்ததற்கு அது முழு ஈடாகுமா என்பதை அவ்வூரார்தாம் சொல்லவேண்டும்.

1897இல் தாயகம் திரும்பியபோது அவர் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. அவ்வாண்டே பூகோள சங்கத்தில் மேற்குச் சீனத்தைக் குறித்துப் பேசினார். இராயல் புகைப்படச் சங்கத்திலும் அங்கத்தினரானார். கொரிய நாட்டைப் பற்றிய நூல் 1898இலும், யாங்சிப் பள்ளத்தாக்கைப் பற்றிய பெருநூல் 1899இலும் வெளிவந்தன. பின்னதில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலன அவர் எடுத்தவை. 1900இல் சீனப் படங்களை மட்டும் தொகுத்து, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகள் எழுதி, சிறிய விலைக்குரிய நூலொன்றை வெளியிட்டார். பாலம், கோயில், சத்திரம், சுமைகூலி, பிச்சைக்காரர் விடுதி, குழந்தைகளின் பிணத்தையிடும் கோபுரம் என்று காட்சிகள் அதில் வரும். எழுத்தை மட்டும் நம்பிய பழைய நூல்களைவிட இந்நூல்களில் மனிதர் முகம் அதிகம், மலைகள் குறைவு. இம்மாறுதலை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ராக்கி மலையிற் சூரியோதயத்தைப் பார்த்துப் பரவசமுற்ற கண், முதுமையிற் கயிறிழுக்கும் கூலியாளின் தோளைப் பார்க்கக் கற்றது.

அவருக்குக் குடும்பச் சொத்தும் உண்டு; நூல் வருவாயும் உண்டு. இரண்டும் மருத்துவசாலைகளுக்கும் மிஷன்களுக்கும் சென்றன. ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கித்துப் பிறர் பணப்பையையும் திறந்தார். நிலையான ஒரு வீட்டில் அவர் நெடுங்காலம் குடியிருந்ததில்லை.

1901இல், எழுபதாம் வயதை எட்டும் வேளையில், மொராக்கோ சென்றார். அந்நாட்டு மன்னர் அளித்த உயர்ந்த கருங்குதிரைமேல் ஏணி வைத்து ஏறி, அட்லஸ் மலைப்பக்கத்தே ஏறக்குறைய ஆயிரம் மைல் சவாரி செய்தார். திரும்பியபின் உடல் தளர்ந்தது. 1904 அக்டோபர் 7ஆம் நாள் எடின்பரோவில் உயிர்நீத்தார். டீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். மீண்டுமொரு சீனப் பிரயாணத்திற்கென அவர் கட்டிவைத்த பெட்டிகள் அப்போது லண்டனிற் காத்திருந்தன. மல் தீவில், தங்கை வாழ்ந்த டோபர்மரி என்னும் சிற்றூரின் துறைமுகத்தருகே, ஹென்ரியட்டாவின் நினைவாக அவர் பொருளால் எழுந்த மணிக்கூண்டு 1905இற் கட்டி முடிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. கடலிலிருந்து திரும்பும் செம்படவர்க்கு அது இன்றும் நேரம் காட்டி நிற்கின்றது.