பருத்திப் பூவில் மஞ்சள் எப்படி வந்தது?

காவிரி தஞ்சைக்கு வருமுன் தொட்டுவரும் ஊர்களில் ஒன்று குளித்தலை. அங்கே 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி பிறந்தவர்தான் வேதியியல் மேதை டி.ஆர். சேஷாத்ரி.

தந்தை பள்ளி ஆசிரியர். வசதி குறைவு. ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் படித்த சேஷாத்ரி, ராமகிருஷ்ணா மிஷன் செய்த உதவியால்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்க முடிந்தது. பட்டம் பெற்றதும் ஓராண்டு மிஷனிலேயே தொண்டு செய்தார்.

1927இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ராபின்சன் என்ற அறிஞரிடம் சேர்ந்தார். வேதிவினையில் எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்பதை வளைந்த அம்புக்குறி போட்டுக் காட்டியவர் ராபின்சன். இன்று பிளஸ் டூ அண்ணன், அக்கா புத்தகத்தில் இருக்கும் அம்புக்குறி அதுதான்!

அது என்ன என்கிறீர்களா? கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பொருள்களில் இரண்டு கார்பன்கள் இரண்டிரண்டு கைகளால் கோத்துக்கொள்ளும். இதுவே இரட்டைப் பிணைப்பு. இதில் ஒரு பிடி இறுக்கம். மற்றொன்று கொஞ்சம் தளர்வு. எலக்ட்ரானுக்கு ஏங்கும் ஒரு பொருள் அருகே வந்தால், தளர்ந்த பிடி விட்டு அதைப் பற்றிக்கொள்ளும். பழுப்பு நிற புரோமின் நீரில் எத்திலீன் வாயுவைச் செலுத்தினால் நிறம் மறைவது இதனால்தான். இதற்கு எலக்ட்ரான் கவர் சேர்க்கை வினை என்று பெயர். பெயர்தான் நீளம், விஷயம் எளிது.

இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் இன்னொரு வேடிக்கை. அந்தத் தளர்ந்த எலக்ட்ரான்கள் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு நிறமாகத் தெரியும். பல பூக்களின் நிறம் இப்படி வந்ததே.

ஆஸ்திரியாவில் பிரெகல் என்ற அறிஞரிடம், சில மில்லிகிராம் பொருளைக்கூடப் பகுத்தறியும் முறையையும் கற்று 1930இல் நாடு திரும்பினார் சேஷாத்ரி. இவ்வளவு படித்தவருக்குக் கோவையில் கிடைத்தது மண் பரிசோதிக்கும் வேலை! அவர் சோர்ந்துபோகவில்லை. 1930களின் முற்பகுதியில் வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

விலை உயர்ந்த வேதிப்பொருள்களுக்கு அவர் காத்திருக்கவில்லை. கோடையில் நம் நெல் வயல்களில் போடுகிறார்களே பருத்தி, அதன் பூ, புளிச்சக்கீரைப் பூ, வாய்க்கால் ஓரத்துப் புங்கங்கொட்டை ஆகியவைதான் அவருடைய ஆய்வுப் பொருள்கள். பூவிலிருந்து நிறப்பொருளைப் பிரித்து, அதில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டறிந்தார்கள் அவரும் மாணவர்களும். 1942இல் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியர் குண்டு வீச, பல்கலைக்கழகமே குண்டூருக்கு மாறியது. அப்போதும் ஆய்வு நிற்கவில்லை.

1949இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1960இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1963இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வைத் தொடர்ந்த அவர், 1975இல் மறைந்தார். அவரிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் 150 பேருக்கும் மேல்.