மிட்ஜ்லியின் மூச்சு

1930-ம் வருஷம் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் கூடிய ரஸாயன சாஸ்திரிகளின் மகாநாட்டில், தாமஸ் மிட்ஜ்லி என்பவர் தாம் கண்டுபிடித்த புதிய வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் ஊதினார். சுடர் அணைந்தது, அவருக்கோ ஒரு தீங்கும் நேரவில்லை. அது விஷமல்ல, தீப்பற்றாது என்ற இரண்டும் ஒரே மூச்சில் ருசுவாயின. இன்று நம் வீடுகளை ஏ.ஸி. யந்திரங்கள் நிறைத்து வருகையில், அந்த மூச்சின் கதையை நினைவுகூர்வது அவசியமாகிறது.

மிட்ஜ்லி 1889-ல் பென்ஸில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். 1911-ல் கார்னெல் சர்வகலாசாலையில் யந்திர சாஸ்திரப் பட்டம் பெற்றார். ரஸாயனம் அவர் பிற்பாடு கைவரப்பெற்ற வித்தை. 1921-ல், பெட்ரோலில் ஈயச் சரக்கு ஒன்றைச் சேர்த்தால் மோட்டார் எஞ்சினில் எழும் தட்டல் சப்தம் அடங்கும் என்று கண்டார். ஈயம் விஷமென்பது பன்னெடுங்காலமாக உலகறிந்த விஷயம். அவரே அதனால் நோயுற்று ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர் சிலர் சித்தம் கலங்கி மாண்டனர். அப்பொழுதும் அவர் பத்திரிகை நிருபர்கள் முன்னிலையில் அத்திரவத்தில் கைகழுவி, ஆவியை முகர்ந்து காட்டி, அபாயமில்லை என்று சாதித்தார். ஈயப் பெட்ரோல் உலகெங்கும் பரவிற்று. கடைசித் தேசமான அல்ஜீரியாவில் அது நின்றது 2021-ல்தான்.

குளிர்சாதன விஷயம் வேறு. அக்காலத்து யந்திரங்களில் அம்மோனியா, கந்தக டையாக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்ற கொடிய வாயுக்களே ஓடின. இரவில் குழாய் கசிந்தால் வீட்டார் உயிரிழப்பதும் உண்டு. இதற்குப் பரிகாரம் தேடும்படி 1928-ல் அவருடைய மேலதிகாரி கெட்டரிங் பணித்தார். கரி, குளோரின், புளோரின் மூன்றும் சேர்ந்த ஃப்ரியான் வாயு அப்படிப் பிறந்ததே. குளிர்சாதனப் பெட்டி அச்சமின்றி அடுப்பங்கரைக்குள் வந்தது.

புகழும் பதக்கங்களும் குவிந்தன. 1940-ல் இளம்பிள்ளைவாதம் அவரைப் படுக்கையில் கிடத்தியது. எழுந்திருப்பதற்காகக் கயிறும் கப்பியும் கொண்டு தாமே ஒரு சாதனம் அமைத்துக்கொண்டார். அமெரிக்க ரஸாயன சங்கத்தின் தலைவராயிருந்த 1944-ம் வருஷம் நவம்பர் 2-ம் தேதி, அக்கயிறுகள் கழுத்தை இறுக்க, 55-வது வயதில் மாண்டு கிடந்தார்.

அவருடைய வாயு சாகவில்லை. ஃப்ரியான் வகை வாயுக்கள் வானத்தில் ஏறி ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் கூறினர். 1975-ல், அண்ணாமலைச் சர்வகலாசாலையில் பயின்ற வீ. ராமநாதன், உஷ்ணத்தைச் சிறைப்பிடிப்பதில் அவை கரியமில வாயுவினும் பல்லாயிரம் மடங்கு வலியன என்று காட்டினார். 1985-ல் தென்துருவத்தின் மேல் ஓஸோன் வெகுவாகத் தேய்ந்திருப்பது வெளியாயிற்று. 1987-ல் மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது.

மிட்ஜ்லியின் மேல் தீர்ப்பென்ன? ஈயத்தில் அவர் அறிந்தே செய்தார், அது குற்றம். ஃப்ரியானிலோ, வானத்தில் நிகழ்வதை அன்று எவரும் அறியார். அதில் அவர் நிரபராதி. சபையில் அவர் செய்த சோதனை மெய்யானதே. ஆனால் அருகிலிருப்பவனுக்குத் தீங்கில்லை என்பதோடு அது முடிந்துவிட்டது.

நமக்கு அந்தச் சமாதானம் இல்லை. ஏ.ஸி.யில் நெடுங்காலம் ஓடிய ஆர்-22 வாயு ஓஸோனைக் கெடுப்பது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓஸோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைப்போல் சுமார் 2,000 மடங்கு உலகைச் சுடவைக்கும். ஆர்-32 சுமார் 700 மடங்கு. ஆர்-290 என்னும் புரொபேன் வாயுவின் தீங்கு மிகச் சொற்பம், ஆயினும் தீப்பற்றும். ஆகவே அளவாய் அடைத்து, தேர்ந்த தொழிலாளர் கையில் விடவேண்டும். 2016-ல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி இந்தியா 2032 முதல் இவ்வகை வாயுக்களைக் குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் 85 சதவிகிதம் குறைக்கவேண்டும்.

ஃப்ரியானின் சுகத்தை முதலில் அநுபவித்தவை செல்வத் தேசங்கள். மாற்றத்தின் செலவில் பெரும்பங்கு அவற்றையே சாரும். அதை விடாது கேட்போம். ஆயினும், புது யந்திரம் வாங்குகிறவர் அதிலுள்ள வாயு எது என்று விசாரிக்கட்டும். பழுதுபார்க்க வருகிறவர் பழைய வாயுவை வெளியில் திறந்துவிடாமல் பிடித்துச் சேர்க்கட்டும். அதற்குரிய கருவியையும் பயிற்சியையும் சர்க்கார் அளிக்கட்டும். அறியாமல் செய்தவருக்குச் சரித்திரம் மன்னிப்பு வழங்கலாம். அறிந்தும் செய்கிறவர்களுக்கு அது கிடையாது.