சைக்கிள் டைனமோவில் கேட்ட ஏ. எம். ராஜா

எங்கள் வீட்டில் ஏ. எம். ராஜாவின் பாட்டு சைக்கிள் டைனமோவில்தான் ஓடியது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, அப்பா கசற்றைப் போடுவார். கை ஓய்ந்தால் பாட்டு இழுபடும். ஏச்சும் விழும்.

சித்தூர் மாவட்டத்தில் 1929இல் பிறந்தவர் ராஜா. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். 1951இல் 'சம்சாரம்' படத்தில் பாடி அறிமுகமானார். உரத்துப் பாடுவதே பெருமையாயிருந்த காலத்தில், காதலைப் பக்கத்தில் இருந்து சொல்வதுபோலப் பாடினார். ஜெமினி கணேசனுக்கு அது சொந்தக் குரலாகவே பொருந்தியது. 'கல்யாண பரிசு' (1959), 'தேன் நிலவு' (1961) படங்களுக்கு இசையும் அவரே. சோடியாகப் பாடிய ஜிக்கியையே மணந்தார்.

இசை விடயத்தில் விட்டுக்கொடாதவர். அதனால் பட வாய்ப்புகள் குறைந்து, பல வருடங்கள் மேடைக் கச்சேரிகளோடு போயின. எழுபதுகளில் திரும்பி வந்தும் பழைய இடம் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், நட்டம் சினிமாவுக்குத்தான்.

1989 ஏப்ரல் 8ஆம் திகதி, கச்சேரிக்குப் போகும் வழியில் வள்ளியூர் புகையிரத நிலையத்தில் விபத்தில் இறந்தார். வயது 59. நான் டைனமோ சுற்றிய நாட்களில் அவர் உயிரோடில்லை என்பது எனக்குத் தெரியாது. அப்பாவும் சொன்னதில்லை.

1995 இடப்பெயர்வில் சைக்கிளோடு டைனமோவும் வந்தது. கசற் வீட்டிலேயே நின்றுவிட்டது.